எதிரே நின்றவன் பார்த்த ஷாட்

என் நீர்நாய்க்குட்டிக்கு,

உனக்குள் பெரிய அமைதி இருக்கிறதா? நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதான், அதனால் நானும் கேட்டுவிட்டேன். எனக்குள் அது இல்லை. ஆனாலும் கை கால் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறேன், கோழிகளும் சாப்பிடுகின்றன, உன் மாமா எர்ல் தினமும் வந்து விறகு பிளந்து போட்டுவிட்டு என் சோளச் சூப்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போகிறான். ஆற்றில் பனி உடைந்து போய்விட்டது, வீட்டைச் சுற்றிலும் ஒரே சேறு, பின்பக்கத்தில் மாமா குழாய்களை ஒட்டவைத்துச் செய்த உங்கள் கோல் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான், கை வைத்தால் சூப்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஃபோனில் நீ சொன்னதற்குப் பதில் எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்தது எனக்கு மறந்து போகிறது. காகிதத்தில் யார் அழுதாலும் எனக்குத் தெரியாது. என் ஷாட் செத்துப்போச்சும்மா, ஒண்ணுகூட உள்ள போக மாட்டேங்குது, கோச் என் கையையே மாத்தச் சொல்றாங்க, பேசாம எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன், உனக்குத் துணையாவாவது இருப்பேன் என்றாய். நீ வர வேண்டாம். இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், கோழிக்கதை நடுவில் வந்துவிட்டது. எனக்குத் துணை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. உன் அண்ணன் லைமன் போனதிலிருந்து எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். மாமாகூட, அந்தப் பொண்ணு வந்துரட்டும்க்கா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு என்றான். கெடந்தா கெடக்கட்டும்டா, அவ காலேஜ் டீமுக்குப் பந்து அடிக்கப் போயிருக்கா, எனக்கு விளக்கு ஏத்தி வைக்கப் போகல என்றேன். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆட்டம், இது படைத்தவர் ஆண்களுக்குக் கொடுத்தது என்று நீ சின்னவளாய் இருந்தபோது என் முகத்துக்கு நேராகச் சொன்ன கிழவிகள், இப்போது கையைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டுக்கொள் என்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் சொல்லி நான் உன்னை நிறுத்தினேனா? இன்றைக்கும் நிறுத்த மாட்டேன். எனக்குச் சோறு போட்டுக்கொள்ளத் தெரியும், என் துக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.

சரி, ஷாட்டுக்கு வருகிறேன். நீ ஆடிய ஆட்டத்தை மாமா தன் ஃபோனில் காட்டினான். அதன் முகம் நொறுங்கிப் போய்க் கிடக்கிறது, உன் காலையும் விரிசலையும் பிரித்துப் பார்க்கவே கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன், பேட்டரி தீர்ந்துரும்க்கா என்றான், தீரட்டும் என்றேன். நான் பந்தை வலையில் ஏந்தி எறிகிற இந்த மட்டையைப் பிடித்தவள் இல்லை, எனக்கு விதிகளும் முழுக்கத் தெரியாது. பாத்திரம் கழுவிக்கொண்டே சன்னல் வழியாக உங்கள் இருவரையும் பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோவில் இருந்தது நீ இல்லை. மட்டையை ஊருக்கே தெரிகிற மாதிரி பின்னால் நீட்டுகிறாய், பந்து வெளியே தொங்குகிறது, எங்கே அடிக்கப் போகிறாயோ அந்த மூலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுகிறாய், பிறகு யாரோ துரத்துகிற மாதிரி அவசரமாக விட்டெறிகிறாய். எதிரே நிற்கிற பெண் பாதி தூக்கத்தில் இருந்தாலும் பிடித்துவிடுவாள்.

இங்கே நீ அப்படியா அடித்தாய்? பந்தைக் காதுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பாய். அண்ணன் அந்தச் சின்ன கோல் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்பான், பழைய மெத்தையைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு நின்ற நாளிலிருந்து, நல்ல கவசங்கள் வாங்கி ஊர் அணிக்கே கோல்கீப்பராக ஆனது வரைக்கும். அவன் நகர்கிற வரைக்கும் நீ அடிக்க மாட்டாய். அவனுக்குத் தோள் இறங்கும், இல்லாவிட்டால் முட்டி மடங்கும், அந்த நேரம் பார்த்து நீ மணிக்கட்டை மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்குவாய். மேலே போகும் என்று அவன் எழும்பினால் இடுப்புக்குக் கீழே போகும். ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே புலம்புவான். அவ சும்மா நிக்கிறாம்மா, பந்து எங்க இருக்குன்னே தெரியல, பொறுமையா நின்னு நின்னு என்னைய அசைய வச்சுடறா, பிசாசு என்பான். நீ அவன் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துக்கொண்டே, நீ அசையாம இருக்க வேண்டியதுதான, உன்ன யாரு ஆடச் சொன்னது என்பாய். அடிக்கிறவர்கள் அடிக்கிற இடத்தைப் பார்க்கிறார்கள், தடுக்கிறவனுக்குத்தான் அடிக்கிறவர்களைத் தெரியும். நான் சொல்வதெல்லாம் அவன் சொன்னதுதான், எனதென்று ஒன்றும் இல்லை.

உன் கோச் சொல்வது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். மட்டையின் அடியைப் பிடிக்கிற உன் கீழ்க்கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னாராமே, அது எனக்கும் தெரிந்தது, குளிரில் கை பொத்திக்கொண்டிருப்பவள் மாதிரி இருக்கிறாய், உடம்பிலிருந்து தள்ளிப் பிடி. காலை ஊன்றி இடுப்பைத் திருப்பச் சொன்னாராம், அதையும் செய், தூரத்திலிருந்து அடிக்க அது வேண்டியதுதான். நல்ல மனுஷியாகத்தான் தெரிகிறார். ஆனால் கையை மாற்றச் சொன்னால், பந்தை ஒளிக்காதே, காத்திருக்காதே என்று சொன்னால், மரியாதையாக முகத்தைப் பார்த்து, முடியாது மேடம் என்று சொல். நீ சொல்லாவிட்டால் நான் பஸ் பிடித்து வந்து சொல்லுவேன், எனக்கு அவர் பேசுகிற இங்கிலீஷ் பாதி புரியாது, அதனால் பயமும் பாதிதான் இருக்கும்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உறைந்த சாலையில் அண்ணன் வண்டி புரண்ட அந்த வாரம் நீ வந்து சேரும்போது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள், அதனால் நீ பார்க்கவில்லை. மேலே போய் அவன் ஆட, கூடவே வைக்க மட்டை எடுக்க வேண்டும் என்றதும் மாமா உள்ளே போனான். பின்கூடத்தில் இரண்டு இருந்தன, அகலமான வலைமுகம் வைத்த அவனுடைய மரக் கோல்கீப்பர் மட்டை ஒன்று, வசந்தத்தில் நோயாளிகள் குணமாக வேண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு எல்லா ஆண்களும் கொண்டுபோகிற, ஹிக்கரி மரத்தில் செய்த சின்ன மட்டை ஒன்று. மாமா சின்னதை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் பிளாஸ்டிக் மட்டை வேறு, மர மட்டையைப் பெண் தொடக்கூடாது, எடுத்து மாற்றி வைக்க என் கை போகாது. எர்ல், அது இல்லடா, பெருசு என்றேன். அது பெட்டிக்குள்ள அடங்காதுக்கா, மேல ஆடுற ஆட்டத்துல எல்லாரும் இதத்தான் வச்சிருப்பாங்க என்றான். என் பிள்ளை பொறந்ததுலேர்ந்து ஒரு கோல் அடிச்சவன் இல்லடா, அங்க போய் இதை வச்சுக்கிட்டு என்ன செய்வான் என்றேன். அவனுக்கும் அழுகை. மூடிவிட்டார்கள்.

பத்தாம் நாள் விருந்தில் அவன் சாமான்களையெல்லாம் பிரித்துக் கொடுத்தபோது அந்தப் பெரிய மட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க விடவில்லை. கொடுத்து அனுப்பாவிட்டால் அவன் போக வழி தெரியாமல் இங்கேயே சுற்றுவான் என்றார்கள். அவன் எப்போதும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறவன்தான், எனக்குப் பழக்கம் என்றேன். எல்லாருக்கும் கோபம். மாமாதான் அதை ஆணியில் மாட்டினான். ஒட்டடை கட்டியபோது துடைப்பத்தால் தட்டினேன், துடைப்பம் தொட்டா நான் தொட்டதாகுமாடா என்று கேட்டேன், அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு சூப்பு இருக்கா என்றான்.

குளிர்காலம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. பிள்ளையைக் கைக்குத் தெரியாத மட்டையோடு அனுப்பிவிட்டோமே, எல்லாரும் ஓடி ஆடுகிற இடத்தில் அவன் ஓரமாக நின்றுகொண்டிருப்பானே என்று. ஃபோனில் உன் வீடியோவைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. அவன் அடித்ததில்லை, ஆனால் ஒரே ஒரு ஷாட்டை வருஷக்கணக்காக எதிரே நின்று பார்த்திருக்கிறான். தோளிலும் விலாவிலும் வாங்கியிருக்கிறான். எப்போது ஒளிக்கிறது, எவ்வளவு பொறுக்கிறது, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்கே அவன் கையில் அடிக்கிற மட்டை இருக்கிறது, அவனுக்குத் தெரிந்த ஷாட் உன்னுடையது ஒன்றுதான். அதை நீ இங்கே செத்துப்போச்சு என்கிறாய். சாகவில்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், அவனிடமிருந்து மிச்சமிருப்பதை ஒரு கோச்சுக்காகவும் கொடுக்க மாட்டேன், உன் அழுகைக்காகவும் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை ஆட்டத்தில் போய் நில். பந்தை ஒளி. எதிரே நிற்பவள் உன் அண்ணன் இல்லை, தெரியும், அவன் எங்கேயும் நிற்கப்போவதில்லை, அதனால்தான் நீ அவசரப்படுகிறாய் என்பதும் தெரியும். ஆனாலும் பொறு. அவள் முதலில் அசையட்டும்.

நீ நடக்கிற மண் உன்னைத் தாங்கட்டும், நம்மைப் படைத்தவர் உன் மணிக்கட்டில் பலம் வைக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு ஓடாதே. மாமா அனுப்பிய உலர்ந்த சோளத்தை ஊறவைக்காமல் வேகவைத்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதே. கோடையில் ஸ்ட்ராபெரி பழுக்கும்போது வா, ஆட்டம் முடிந்து வா, அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
வெல்மா

மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நீ பந்தை ஒளித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே அங்கே அவனும் நின்றிருப்பான் இல்லையா, அவன் அடித்த முதல் பந்து, அது உள்ளே போயிற்றா?