கடைசிப் பாட்டில் நான் தாவிய இடம்

அன்புள்ள மச்சானுக்கு,

நம் ஜாஸ் ஆல்பம் வெளிவந்துவிட்டது. அட்டைப்படத்தில் பியானோவைவிட என் தொப்பை எடுப்பாக இருக்கிறது.

கடைசிப் பாட்டைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நடுவில் பியானோ திடீரென்று சில வரிகளைத் தாண்டித் தாவ, பேஸ் கிட்டார் கூடவே பாய்ந்து பிடிக்கிறதாம். "எப்படி சார் தோணுச்சு?" என்று வானொலியில் கேட்டார்கள். "ரொம்ப நாள் யோசிச்சது" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மறந்துபோய்த் தாவினது நீங்க. தாங்கிப் பிடிச்ச என் தம்பிய எல்லார் முன்னாடியும் திட்டி அனுப்பிட்டு, யோசிச்சீங்களாக்கும்!"

அவளுக்கு ஜாஸ் தெரியாது. என்னைத் தெரியும்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று ஸ்டுடியோவில், தவறு என்னுடையது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனாலும், "காது எங்கடா இருக்கு?" என்று உன்னைக் கேட்டேன். நீ "சாரி மாமா" என்று சொல்லிவிட்டு பேஸை உறையில் போட்டாய். ஆல்பத்தில் இருப்பது அதே பதிவுதான்.

நேற்று ஒத்திகைக்குப் புதியவர் ஒருவர் பேஸ் வாசிக்க வந்தார். ரசிகர்கள் கேட்பார்களே என்று, அந்த இடத்தில் வேண்டுமென்றே தாவினேன். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "சார், தப்பா வாசிக்கிறீங்க" என்றார்.

"அன்னைக்கும் நான்தான் தப்பா வாசிச்சேன்" என்றேன்.

நான் சொன்னதை டிரம்ஸ்காரர்கூடக் கேட்டார். கேட்க வேண்டிய நீதான் அங்கே இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன் என்ற பதவி மட்டும் மிஞ்சியவன்