பதினோராவது வரிக்கு டிக் இல்லை

நான் கேட்டைத் திறப்பதற்குள் "வாங்க மச்சான்" என்று முந்திக்கொள்ளும் என் அன்பு மாப்பிள்ளை சேவியருக்கு,

உங்கள் ரேடியோ இன்னும் ஜன்னலோரத்து மேசை மேல்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை உங்களுக்கு முதலாம் ஆண்டு பூசை. காலையில் கோயில், மதியம் புலியகுளம் வீட்டில் சாப்பாடு. இன்று சனிக்கிழமை. இந்த ஒரு வாரத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் நாளை அந்தப் பூசையில் என்னால் உட்கார முடியாது.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா போன் செய்தாள். "அண்ணா, ஜெனி அவங்கப்பா ரேடியோவக் குடுக்கறேங்கறா. சனிக்கிழமை மத்தியானம் ஆளு வந்து எடுத்துட்டுப் போறாங்களாமா. நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க." தங்கை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

எந்த ரேடியோ என்று நான் கேட்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி வீட்டுப் பரணிலிருந்து வாங்கி, பஸ்ஸில் உக்கடம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்களே, அது. வாரத்தில் ஆறு நாள் ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் மோட்டார் காயில் கட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லுங்கியை மாற்றிக்கொண்டு வால்வு ரேடியோவைப் பிரிப்பீர்கள். நீங்கள் கடைசியாகப் பிரித்தது இதைத்தான். இதை ஓட்டிப் பார்ப்பதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது. 'நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது' என்று ஆட்டோவில் ஏறியவர் திரும்பி வரவில்லை.

உங்கள் மகளைத் தவறாக நினைக்காதீர்கள். சரவணம்பட்டி ஆபீசுக்கு அன்று லீவு போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அம்மா டெய்லி அதத் தொடச்சுத் தொடச்சு வெக்கறாங்க. பாடாத பெட்டிய எத்தன நாளைக்குங்க தொடைக்கறது? உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சுட்டா போன்லயிருந்து பாட்டாச்சும் கேப்பாங்கல்ல?"

"உள்ளே இருக்கிறதை என்ன செய்வாங்க கண்ணு?"

"அத அவங்களே கழட்டி எடுத்துக்குவாங்களாமா." பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்க எழுதுனதப் பாத்துட்டுத்தானுங்க மாமா அந்தக் கடைக்கே பேசுனேன்."

போனில் இருந்தது என் கட்டுரை. பழைய ரேடியோக்களைக் குடைந்து ஸ்பீக்கராக மாற்றும் ஒரு கடையைப் பற்றி, 'குப்பைக்குப் போகவிருந்த பெட்டிகளுக்குப் புது உயிர்' என்று நான் எழுதியது. கடையில் அரை மணி நேரம் இருந்தேன். மரத்தின் பளபளப்பை எழுதினேன், வாடிக்கையாளர் இருவரின் சந்தோஷத்தை எழுதினேன். கட்டுரை வந்த ஞாயிறு நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "உள்ள இருந்ததெல்லாம் எங்கீங்க மச்சான்?"

நான் சிரித்து மழுப்பினேன். செய்தியாளனாக வேலை பார்த்த காலமெல்லாம் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கடையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. நீங்களும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மனதில் வைத்திருந்தீர்களா, மாப்பிள்ளை?

அந்தக் கூச்சத்தில்தான் வாயை விட்டேன். "சனிக்கிழமைக்குள் இதைப் பாட வைக்கிறேன். பாடாவிட்டால் நீ கொடுத்துவிடு" என்றேன். பல்பு மாற்றுவதற்கு மேல் மின்சாரம் தெரியாத நான்! ஜெனி ஒரு கணம் யோசித்து, "சரிங்க மாமா" என்றாள். அந்த 'சரிங்க' அன்று முழுவதும் என் காதிலேயே இருந்தது.

பிளக்கைக் கையில் எடுத்துவிட்டேன். சுவிட்சுக்கு ஒரு சாண் தூரம். ஸ்டெல்லாதான், "இருங்கண்ணா, அவரு நோட்டப் பாத்துட்டுப் போடுங்க" என்று உங்கள் நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்லவேளை. மாற்ற வேண்டிய கண்டென்சர்கள் என்று பதினொரு வரி எழுதியிருந்தீர்கள். பத்துக்கு டிக். பதினொன்றுக்கு இல்லை. அந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டு, 'இது கசிந்தால் வால்வும் போச்சு, காயிலும் போச்சு' என்று எழுதியிருந்தீர்கள். காயில் என்றால் நீங்கள் உங்கள் கையாலேயே சுற்றிப் போட்டது.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கண்டென்சர்கள் எல்லாம் மெழுகு பூசிய அட்டைக் குழல்கள், சுண்டுவிரல் பருமனில், பழுப்பு நிறத்தில். பதினொன்றும் ஒரே மாதிரி கிழடாக இருந்தன. உங்கள் வேலைதான் எனக்குத் தெரியுமே. பழைய குழலைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவி, புதுக் கண்டென்சரை உள்ளே வைத்து, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்துவிடுவீர்கள். "எவனாச்சும் தொறந்து பாத்தா, கை வெச்சதே தெரியக் கூடாதுங்க மச்சான்" என்பது உங்கள் பெருமை. அந்தப் பெருமை இப்போது எங்கள் கழுத்தைப் பிடித்தது. பதினோராவதை மாற்றினீர்களா இல்லையா? கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

டிக் இல்லை, அதனால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? ஸ்டெல்லாவைக் கேட்டேன். அதற்கும் இடமில்லை என்றாள். ராத்திரி மெழுகு இறுகட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் காலை காபி குடித்துவிட்டுத்தான் டிக் போடுவீர்களாம். கடைசி ஞாயிறு மாலை மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள். திங்கள் காலை காபி குடிக்கவில்லை.

வியாழக்கிழமை உங்கள் பட்டறைக் கூட்டாளி முருகேசன் வந்தார். சீரிஸ் பல்பும் மீட்டரும் ஒரு மஞ்சள் பையில். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மீட்டருல வெச்சா பழசும் நல்லவனாட்டத்தானுங்க நடிக்கும். முழுக் கரண்டு ஏறுனாத்தான் கசிய ஆரம்பிக்கும். இந்தாளு கமுக்கமா வேல செஞ்சுபோட்டு நம்மளப் போட்டு வதைக்கறாருங்களே!"

"புதுசு ஒன்று போட்டுவிடலாமே?" என்றேன்.

"போடலாமுங்க. அவரு போட்டிருந்தா அதப் பிச்சுப்போட்ட பாவம் எனக்கெதுக்குங்க?"

ஜெனி கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவும் பழைய ஓட்டுக்குள்ள புதுசத்தானுங்க மாமா வெச்சிருக்காரு? அந்தக் கடைக்காரங்களும் அதத்தான செய்யறாங்க?"

எத்தனையோ அமைச்சர்களை மடக்கியவன், மாப்பிள்ளை, உங்கள் மகளின் கேள்வியை முருகேசன் பக்கம் தள்ளிவிட்டேன். முருகேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனம்மணி, உங்கப்பாவுக்கு ரெண்டு பல்லு கட்டுனாங்களே, அதுக்கப்பறம் அவரு வேற ஆளாயிட்டாரா? இது பல்லு கட்டற வேலை. நீ சொல்றது, ஆளையே எடுத்துப்போட்டு அவரு சட்டையில செல்போன வெச்சுப் பேச உடற வேலை."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். இந்த ஒரு வருடத்தில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஜெனி சிரிக்கவில்லை. ஆனாலும் உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எதற்கும் கையில் இருக்கட்டும் என்று பற்றவைக்கும் ஈயம் தேடி உங்கள் டிராயரைத் திறந்தபோது அந்த டப்பா கிடைத்தது. பழுப்பு நிற ஷூ பாலிஷ். கல்யாணத்தன்றும் செருப்பு போட்டு வந்த மனிதர் நீங்கள். இந்த வீட்டில் பழுப்பு ஷூ யாரிடமும் இல்லை. அது எதற்கு அங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுங்களா?" என்றாள் ஸ்டெல்லா. "கோயில்ல மாதா கெபியில எரிஞ்சு மிச்சமான மெழுகுவத்தித் துண்டெல்லாம் உபதேசியார்கிட்ட கேட்டு வாங்கிட்டு வருவாரு. அது வெள்ளையா இருக்குமில்லைங்கண்ணா? பழசாட்டம் தெரியணும்னு இந்தப் பாலிஷக் கலந்து உருக்குவாரு. ஊடே நாறும். ஜெனிகூட சண்டை போடுவா."

நீங்கள் கை வைத்த குழல் என்றால் அதன் மெழுகில் பாலிஷ் வாசம் இருக்கும்; நால்வருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது.

ஸ்டெல்லா ஊக்கு ஒன்றை எடுத்து முதல் குழலின் முனையை இலேசாகச் சுரண்டி முகர்ந்தாள். பாலிஷ். இரண்டாவது, பாலிஷ். பத்தாவது வரை வந்துவிட்டாள். பதினொன்றில் அவள் கை நின்றது. "நீங்க பாருங்கண்ணா" என்று ஊக்கை என்னிடம் நீட்டினாள். எனக்கு மூக்கடைப்பு. முருகேசனுக்கு இத்தனை வருட வார்னிஷ் வாசத்தில் மூக்கே போய்விட்டதாம். கடைசியில் ஜெனிதான் ஊக்கை வாங்கினாள். சுரண்டினாள். முகர்ந்தாள். மறுபடி சுரண்டி மறுபடி முகர்ந்தாள். ஊக்கை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள்.

"அவருதான்" என்றாள் ஸ்டெல்லா.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு சாட்சி, அதுவும் வாசனை. இதை வைத்துச் செய்தி போட எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார். மெழுகை மட்டும் பூசிப் பார்த்துவிட்டு, உள்ளே வைக்காமல் விட்டிருந்தால்? வெள்ளி முழுவதும் இதே யோசனை.

இன்று காலை பத்து மணிக்கு முருகேசன் சீரிஸ் பல்பை ரேடியோவோடு சேர்த்தார். உள்ளே எங்காவது ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ரேடியோ தப்பிக்கும். எல்லாம் சரி என்றால் ஒரு தரம் பளிச்சிட்டு மங்கிவிடும் என்றார். சுவிட்சைப் போட்டார். பளிச்சென்றது. மங்கியது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். சிறிது நேரத்தில் அந்தப் பல்பு மெதுவாக, மிக மெதுவாக, மறுபடியும் சிவந்து ஏறத் தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"இருங்க, இருங்க. வால்வு சூடாகுதுங்க. அது அப்படித்தான்."

பாதியில் ஏறி நின்றது. நின்றதுதான். அதற்கு மேல் ஏறவில்லை. கால் மணி நேரம் கழித்து பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டு கொடுத்தார். டயல் விளக்கு எரிந்தது. ஆனால் வந்தது வெறும் இரைச்சல், தகர டப்பாவில் சோளம் பொரிவது போல. ஜெனி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எழுந்தாள். ஹால் எல்இடி விளக்கை அணைத்தாள். போன் சார்ஜரைப் பிடுங்கினாள். இன்வெர்ட்டரை நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி இறங்கியது. வீடு முழுக்க அடங்கியதும் முள்ளை மெல்ல நகர்த்தினாள். ஓர் ஆண் குரல்.

"மலையாளமாக்கும்?" என்றாள் ஸ்டெல்லா.

"நம்மூரு ஸ்டேசன பாலக்காட்டுக்காரன் முந்திட்டானுங்க!" என்றார் முருகேசன்.

ஜெனி உங்கள் நோட்டை எடுத்தாள், பேனா தேடினாள், பதினோராவது வரிக்கு நேராக ஒரு டிக் போட்டாள். உங்கள் டிக் வலது பக்கம் சாயும். அவளுடையது நிமிர்ந்து நிற்கிறது. பிறகு வாசலுக்குப் போய்ப் போனில் யாரிடமோ, "இல்லீங்க, வர வேண்டாமுங்க" என்றாள்.

மாப்பிள்ளை, உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பின்பலகையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'பதினொரு கண்டென்சரும் உள்ளே புதியவை. மாற்றியவர் சேவியர்.' கை வைத்தது தெரியக் கூடாது என்றவர் நீங்கள். எங்களுக்கு ஒரு வாரம் தெரியாமல் போனதே, அது போதும். இனி இதைத் திறக்கிறவர் ஊக்கோடு நிற்கக் கூடாது. உங்களுக்கு இதில் வருத்தம் உண்டா?

நாளை உறவுக்காரர்கள் நடுவில் அது பாடுமா, வால்வு தாங்குமா என்ற பயம் இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு முறை எழுந்துபோய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், சூடு ஏறியிருக்கிறதா என்று.

வாக்குக் கொடுக்கிறேன். நாளை சீரிஸ் பல்பு இல்லாமல் சுவிட்சைத் தொட மாட்டேன். திங்கட்கிழமை காலை அந்தக் கடைக்குப் போவேன். 'உள்ளே இருந்ததெல்லாம் எங்கே?' என்று கேட்பேன். கிடைக்கும் பதிலை, என் பழைய கட்டுரை வந்த அதே பத்தியில், என் பெயரோடு எழுதுவேன். உங்கள் கேள்வி என்றும் எழுதுவேன்.

பதில் சொல்லத் தாமதித்த,
உங்கள் ஸ்டெல்லாவின் அண்ணன்,
உங்கள் மச்சான்.