பதினேழாம் எண் வீட்டில் கலோலைன் வைபுலு குடியிருப்பது குறித்து

அனுப்புநர்
கலோலைன் வைபுலு,
க/பெ. லிசியாதே தௌஃபா,
17, பெப்பர்கார்ன் தெரு,
வெர்ரிபெண்ட், விக்டோரியா.

பெறுநர்
அஞ்சலக அதிகாரி அவர்கள்,
வெர்ரிபெண்ட்.

பொருள்: "இந்த முகவரியில் இல்லை" என்று நானே எழுதித் திருப்பி அனுப்பிய என் கடிதங்களை மீட்டுத் தரவும், நான் இதே முகவரியில்தான் இருக்கிறேன் என்று பதிவைத் திருத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனு என்றால் யார் மீது என்று கேட்பீர்கள். என் மீதுதான். தங்கள் ஊழியர் எவர் மீதும் எனக்குக் குறை இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குறிப்பாக எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் டேரல் தங்கமான மனிதர். இந்த மனுவால் அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தே இதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

2. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், முன்பு குடியிருந்தவருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. என்ன செய்வது என்று டேரலைக் கேட்டேன். "மேல ஒரு கோடு போட்டு, இந்த முகவரியில இல்லைன்னு எழுதி திரும்ப பெட்டியில போட்டுடுங்க லைனி. நாலு தடவை திரும்பிப் போனா அவங்களே ஓய்ஞ்சிடுவாங்க" என்றார். அப்படியே செய்தேன். அவர்களும் ஓய்ந்தார்கள். அந்த வித்தையை அவர் எனக்குக் கற்றுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

3. போன வருடம் செப்டம்பரில் டோங்காவில் என் அப்பா இறந்தார். நவம்பரில் எங்கள் தேவாலயச் சபையின் மிசினாலே என்னும் வருடாந்தரக் காணிக்கை நாள் வந்தது. அன்று ஒவ்வொருவர் பெயரையும், அவர் கொடுக்கும் காணிக்கைத் தொகையையும் மேடையில் நின்று உரக்க வாசிப்பார்கள். அப்பா பெயரில் எட்டாயிரம் டாலர் கொடுப்பதாக நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் எண்ணூறுகூட இல்லை. எங்கள் வேனை ஈடாக வைத்துக் கடன் வாங்கினேன். வேனும் ஓட்டுநர் உரிமமும் என் பிறந்த வீட்டுப் பெயரில் இருந்ததால் கடனும் கலோலைன் வைபுலு என்ற பெயரிலேயே அமைந்தது. வாசித்தபோது சபையே கைதட்டியது. என் அத்தை எழுந்து நின்று அழுதார். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

4. பிப்ரவரியில் நான் திராட்சை அடுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். மூன்று தவணை தவறியது. ஏப்ரலில் முதல் கடிதம் வந்தது. உறையின் சன்னல் வழியே என் பெயர் கறுப்பாகத் தெரிந்தது. திறக்கவில்லை. பேனாவை எடுத்தேன், கோடு போட்டேன், எழுதினேன், பெட்டியில் போட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

5. இவ்வாறு பதினொரு கடிதங்கள். எங்கள் தபால் பெட்டியில் "தௌஃபா" என்றுதான் எழுதியிருக்கிறது. டேரலுக்கு நான் வெறும் லைனி. ஆகவே அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. "யாரு இந்த வைபுலு, உங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்துறா?" என்று ஒருநாள் எனக்காக வருத்தப்பட்டார். நானும், "யாரோ, பாவம்" என்றேன். ஐயா, சொந்தப் பெயரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், கழுவிய தட்டுகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.

6. ஜூன் மாதத்திலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். பிறகுதான் பயம் பிடித்தது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் வேனைத் தூக்க வந்துவிட்டார்கள் என்று திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்கிறேன். ஜூலையில் கண் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, என் மகள் ஃபிபேயை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டார்கள். கடிதம் அனுப்பினார்களாம், கலோலைன் வைபுலு பெயரில். அதுவும் திரும்பிப் போயிருக்கிறது. அதை நான் திருப்பவில்லை. தங்கள் பதிவேட்டிலேயே நான் இல்லாதவள் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணோடு விளையாடிவிட்டேனே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

7. அன்றைக்கே கடன் ஆலோசனை எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மூன்று முறை யாரோ எடுத்ததும் வைத்துவிட்டேன். நான்காவது முறை ஐலீன் என்ற அம்மையார் எடுத்து, "வைச்சிடாதீங்கம்மா, நானும் எங்கேயும் போகல" என்றார். ஆகஸ்ட் 21, வியாழன் காலை பத்து மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும். வரவு, வாடகை, மின்கட்டணம், கடன் கொடுத்தவர் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் கொண்டுவரச் சொன்னார். கடிதங்களைத் திருப்பிவிட்டேன் என்றதும் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "அதுல ஒண்ணுல ஒரு தேதி போட்டிருப்பாங்க. அந்தத் தேதிக்குள்ள வந்தா வேனைக் காப்பாத்தப் பார்க்கலாம். தாண்டிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அந்தத் தேதி எது என்று எனக்குத் தெரியாது. அது நாளையாக இருக்கலாம். நேற்றாகவும் இருக்கலாம். கடன் நிறுவனத்தையே கேட்கலாமே என்றால், இருக்கும் இடத்தை நானே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும், முதலில் என் கையில் தாள்கள் இருக்கட்டும் என்கிறார் ஐலீன். வேன் இல்லையென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகைக்கு நானும் இல்லை, பாதாம் தோட்டத்துக்கு என் கணவரும் இல்லை. அவருக்கு இது எதுவுமே தெரியாது.

8. சென்ற வெள்ளியன்று தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த அம்மையார் மரியாதையாகவே பேசினார். இந்த முகவரியில் இருப்பதற்குச் சான்றாக, என் பெயருக்கு இங்கே வந்த இரண்டு கடிதங்களைக் காட்டச் சொன்னார். ஐயா, அவற்றைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உரிமத்தில் பழைய முகவரி. வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம் எல்லாம் கணவர் பெயரில். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதில், என் முழுப்பெயரும் இந்த முகவரியும் சேர்ந்து அச்சான தாள் ஒன்றே ஒன்று கிடைத்தது. சபையின் மிசினாலே பட்டியல். ஏழாம் வரியில் நான் இருக்கிறேன், பக்கத்தில் எட்டாயிரம் டாலருடன். அதை இத்துடன் இணைத்துள்ளேன். இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. இந்தத் தாளுக்காகத்தான் இவ்வளவும்.

9. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, என் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பை நீக்கவும், திரும்பிய கடிதங்களில் ஏதேனும் இன்னும் தங்கள் வசம் தங்கியிருந்தால் 21ஆம் தேதி வியாழக்கிழமைக்கு முன் என்னிடம் தரவும் வேண்டுகிறேன். ஒரே ஒரு கடிதம் கிடைத்தாலும் போதும். இது குறித்து வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். கணவரிடம் நானே சொல்ல வேண்டும்.

10. கடைசியாக ஒன்று. இனி என் பெயருக்கு வரும் எதையும் பெட்டியில் போட வேண்டாம். பேனா இன்னும் அதே இழுப்பறையில்தான் இருக்கிறது. என்னை நானே நம்பவில்லை. டேரல் வாசலுக்கு வந்து, மிசினாலேயில் வாசிப்பது போல என் முழுப்பெயரையும் உரக்கக் கூப்பிடட்டும். பக்கத்து வீட்டார் கேட்டாலும் பரவாயில்லை. நான் வந்து கையெழுத்திட்டு, அவர் கண்முன்பே பிரிக்கிறேன். கதவு உடனே திறக்காவிட்டால் அவர் தயவுசெய்து போய்விட வேண்டாம். நான் உள்ளேதான் இருப்பேன்.

இடம்: வெர்ரிபெண்ட்
நாள்: 11 ஆகஸ்ட் 2025

இப்படிக்கு,
இந்த முகவரியில் இருக்கும்,
கலோலைன் வைபுலு

இணைப்பு: மிசினாலே பட்டியல், ஒரு தாள். வேலை முடிந்ததும் திருப்பித் தரவும். அப்பாவின் பெயர் அதில் இருக்கிறது.