மதியம் வரை மௌனம்

அன்புள்ள மச்சானுக்கு,

இதை நானே என் கையால் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

உப்பளத்தை விட்ட பிறகு, கடற்கரை யோகா விடுதியில் தோட்ட வேலை செய்கிறேன். இங்கே தங்குகிறவர்கள் விடிந்ததும் மணலில் பாய் விரித்துக் கைகாலை மடக்குகிறார்கள். மதியம் வரை வாய் திறக்கக் கூடாது. எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதித் தருவார்கள். முதல் நாள் நான் சீட்டும் கையுமாக நின்றதைப் பார்த்துச் சமையல் செய்யும் அம்சவள்ளி சிரித்தாள். "அவங்க வெந்நீர் கேக்கறாங்க தாத்தா. நீ சீட்டைத் தலைகீழா புடிச்சிகினு நிக்கிறே." பிறகு அவளே எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

நீ மகனோடு சென்னைக்கே போய்விடப் போகிறாய் என்று உன் அக்காள் சொன்னாள். உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தவன் நான். உப்பளத்துச் சண்டையைப் பற்றி எழுதினால் கை வலிக்கும், விடு. இங்கே புருஷனும் பெண்டாட்டியும் கோபமில்லாமலே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் சத்தியமும் பேச்சுக்குத்தானே, எழுத்துக்கு இல்லையே.

ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வா. நீ தாராளமாகப் பேசு. நான் எழுதிக் காட்டுகிறேன். எழுதி முடிக்கிற வரை எழுந்து போய்விடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
உன் அக்காள் வீட்டுக்காரன்