கூரை மூலையில் திரும்பிய காற்று

வியாழன், இரவு.

மலேசியாவின் செலண்டார் தோட்ட மண்டபத்தின் தகரக் கூரை காற்றில் பெயர்ந்து விழுந்ததில் லெட்சுமி அக்காவின் கணவர் இறந்தார். கூரை போட்ட ஒப்பந்தக்காரர் திருகாணிகளைச் சரியாக முடுக்கவில்லை என்பதே அக்காவுக்காக நான் நடத்தும் வழக்கு. கூரையின் நடுவில் ஒரே குறுக்குவெட்டை மட்டும் எடுத்துச் செய்த காற்றோட்டக் கணினிக் கணக்கு, நன்றாக முடுக்கியிருந்தால் கூரை நின்றிருக்கும் என்று காட்டி அதற்குத் துணை நின்றது. இன்று எங்கள் பொறியாளர் முழுக் கூரையையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டுவிட்டு அழைத்தார்.

"சார், தகரத்த ஒட்டி ஓடுற மெல்லிய காத்துப் படலம் மூலையில பக்கவாட்டா திரும்பிப் பிரிஞ்சிடுது. அந்த இழுப்புல நல்லா முடுக்குன தகரமும் தூக்கிக்கும்லா."

சாட்சிக் கூண்டில் அவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என்னால் தடுக்க இயலாது; சொன்னால் எங்கள் வழக்கு நிற்காது.

பிறகு அக்கா அழைத்தார். "கம்ப்யூட்டர் நம்ம பக்கந்தானே தம்பி?"

"காலையில ஆபீசுக்கு வாங்கக்கா, பேசுவோம்."

"சரி தம்பி. உங்களுக்கு நாசி லெமாக் கட்டிக்கிட்டு வாரேன்."

அந்தத் தேங்காய்ப்பால் சோறு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.