வெள்ளிக்கிழமை மூலை

அன்பு மகன் ஹெய்னுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே சப்போரோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் குறையில்லை என்றேன், மனசைப் பற்றிக் கேட்காதே. அப்பாவுக்கு மறதி இன்னும் கூடிவிட்டது. நேற்றுக் காலையில் குளிர்ச்சிக்குத் தனகாக் கட்டை அரைத்து அவர் கன்னத்தில் பூசிவிட்டேன், நல்லா இருங்கம்மா, நீங்க எந்த வீட்டுக்காரங்க என்று கேட்கிறார். பக்கத்து வீடுதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் தெட் சூவை எப்படிப் பொறுத்துக்கொள்வது சொல். ரங்கூனிலிருந்து வந்திருக்கிற ஆராய்ச்சிக்காரி. மறதி வந்தவர்களுக்கு எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று மோல்மீன் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். நம் வீட்டுக்கு வாராவாரம் வருகிறாள். மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பாள், கடிகாரம் வரையச் சொல்வாள். அவள் தலையைக் கண்டாலே உன் அப்பாவுக்கு முகமெல்லாம் பல்தான். வாம்மா, மொஹிங்கா சாப்பிடு, மீன் நல்லா வெந்திருக்கு என்று உபசாரம் வேறு. இருட்டோடு எழுந்து மொஹிங்காக் குழம்புக்கு மீனை வேகவைத்தவள் நான், கொண்டாட்டம் அவளுக்கு. கடிகாரத்தில் முள்ளே போடாமல் நீட்டுகிறார், முள்ளு எங்க பெரியப்பா என்றால், நான் என்ன வேலைக்கா போகப் போறேன், முள்ளு எதுக்கு என்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், பெற்ற பிள்ளையிடம் சொல்ல என்ன வெட்கம்.

போன வாரம் அவள் ஒரு யோசனை சொன்னாள். பெரியம்மா, பெரியப்பாவை மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம், நீங்க கையப் புடிக்காதீங்க, வழி சொல்லாதீங்க, அவரு காலு தானா எங்க போகுதுன்னு பார்க்கணும் என்றாள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே துள்ளல். அந்தப் புத்தர் கோயிலைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை, மூலைக்கு ஒரு மிருகச் சிலை, அவரவர் பிறந்த கிழமைச் சிலைக்குத்தானே தண்ணீர் ஊற்றுவோம். அப்பா செவ்வாய்க்கிழமை பிறந்தவர், கல்யாணமான நாள் முதல் அவருடைய சிங்கத்துக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு சனிக்கிழமை மூலைக்கு வந்து, என் கிழமையின் நாகத்துக்கும் ஊற்றுவாரே, நீயும் பார்த்திருப்பாய். பேரை மறந்தால் மறக்கட்டும், கால் மறக்குமா, இன்றைக்கு இந்தப் பெண் பார்க்கட்டும் என்று பட்டு லுங்கி உடுத்திக் கொண்டையில் பூவும் வைத்துக்கொண்டு போனேன்.

செருப்பைக் கழற்றியதும் மனுஷர் விறுவிறுவென்று நடந்தார். சிங்கத்தைத் தாண்டினார். நாகத்தைத் தாண்டினார், ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை. நேரே வெள்ளிக்கிழமை மூலைக்குப் போய் அங்கிருந்த கிண்ணத்தை எடுத்துச் சிலைக்கு ஊற்ற ஆரம்பித்தார். எனக்குத் திக்கென்றது. தெட் சூவைப் பார்த்து, நீ என்ன கிழமைடி பொறந்தே என்றேன். வெள்ளிக்கிழமை பெரியம்மா என்றாள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! உன்னத் தெரியுது, என்னத் தெரியலையா இவருக்கு என்று கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது. என் கிழமைய நான் அவருகிட்ட சொன்னதே இல்ல பெரியம்மா என்றாள்.

அப்பாவுக்கு எங்கள் சண்டை காதில் விழவேயில்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே சிலையிடம் பேசுகிறார். மெதுவா, மெதுவா, பையனுக்குச் சளி புடிச்சுடும், அங்க பனி கொட்டுதாம்.

நீயும் வெள்ளிக்கிழமைக்காரன். உன்னைப் பெற்றவள் நான், எனக்கு அது நினைவுக்கு வரவில்லை பார். அப்பா என் பக்கம் திரும்பிக் கிண்ணத்தை நீட்டி, நீங்களும் ஒரு கிண்ணம் ஊத்துங்கம்மா, ரொம்ப நல்ல பையன் என்றார். ஊற்றினேன். திரும்பி வரும் வழியில் நாகத்திடம் அவர் நிற்பார் என்று ஆசையாகப் பார்த்தேன், நிற்கவில்லை. என் நாகத்துக்கு நானே ஊற்றிக்கொண்டேன். தெட் சூவிடம் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பாடு போட்டேன், பாவம், நல்ல பெண், அவள் மேல் இப்போது எனக்கு ஒன்றுமில்லை.

எரிச்சலெல்லாம் இப்போது உன் மேல்தான். அங்கே யார் யார் வீட்டுப் பெரியவர்களுக்கோ வாய் துடைத்துச் சோறு ஊட்டுகிறாயே, அவர்கள் மேலும்தான். குளிருக்கு இதமாக உடுத்திக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், ஆபத்தில்லாமல் நீண்ட காலம் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் என் பேரைச் சொல். அம்மா பேரு டின் நுவே, சனிக்கிழமைக்காரி, உங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க என்று சொல். நீ சொன்னால் அவருக்கு நிற்கும்.

உன் அம்மா,
டின் நுவே