பூனையை நெருளுக்கு அனுப்பிய வாரம்

ஜூலை 8, செவ்வாய்

மழை. மகள் ஹனாவின் யூனிபார்ம் காயவில்லை, ஈரத்தோடேயே இஸ்திரி. மாட்டுங்கா டாக்டரிடம் மூணாம் மாச செக்கப். கூடவே மாமி. மகனை நம்பி மருமகளை அனுப்ப மாட்டாராம்.

டாக்ஸோ என்கிற ஒட்டுண்ணிக்கு ரத்தத்தில் இரண்டு டெஸ்ட், பழைய தொற்றுக்கு ஒன்று, புதியதுக்கு ஒன்று. இரண்டுமே பாசிட்டிவ். எப்போதோ வந்த பழைய தொற்று என்றால் பயமில்லை. கரு தங்கிய பிறகு வந்தது என்றால் குழந்தைக்குப் போகலாம். கண், மூளை. எது என்று பார்க்க இன்னொரு டெஸ்ட். ரத்தம் கொடுத்தாச்சு. ரிப்போர்ட் அடுத்த வாரம்தான்.

"வீட்டில் பூனை உண்டா?" உண்டு, சீனி. "அதோட கழிவை நீங்க தொடாதீங்க, போதும். பச்சைக் கறி சாப்பிடுவீங்களா?" நான் வாயைத் திறக்கும் முன் மாமி, தன் ஹிந்தியில்: அஞ்சு விசில் விடாமல் எங்கள் வீட்டில் குக்கர் இறங்காது.

டாக்டர்: "டென்ஷன் மத் லோ." கவலையே வேண்டாமாம். டாக்ஸிக்காரரும் அதையே சொன்னார். அவருக்கு என்ன ஏது என்றே தெரியாது.

வாங்க வேண்டியது: பினாயில், ஹனாவுக்கு ரெயின்கோட்.

ஜூலை 9, புதன்

சீனியைக் காணோம். எப்போதும் கீழே எங்கள் பை தைக்கிற பட்டறையில் தோல் கட்டுகளுக்கு மேல்தான் படுத்திருக்கும். ஹனா தேடித் தேடி அழுகை. காலை டீக்கு வந்த அவர் மெதுவாகச் சொல்கிறார், ராத்திரியே ஒரு பைக்குள் போட்டு, குர்லாவில் ரயிலேறி, நெருளில் அவருடைய மாமா வீட்டில் விட்டுவிட்டாராம். "உனக்காகத்தான்."

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? டாக்டர் சொன்னது என்ன, இவர் செய்தது என்ன! போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம்.

மாமி: "வாயில்லா சீவனை வெரட்டிட்டியேலே. எலி வந்தா நீ பாய்ஞ்சு பிடிப்பியோ?"

நானும் போனை நோண்டினேன். பி.எஸ்சி.யில் இந்த ஒட்டுண்ணியைக் கலர் பென்சிலில் வரைந்து மார்க் வாங்கியவள்தான். கிருமியை விழுங்கிக் கரைக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே இது போய் உட்காரும். அணு விழுங்குவதற்குக் காத்திருக்காது, தானே நுழையும். நுழையும்போது அந்த அணுவின் தோலையே இழுத்துப் போர்த்து ஒரு அறை கட்டிக்கொள்ளும். கரைக்கிற அமிலம் அந்த அறைக்குள் வராது. மாட்டுங்காவில் பழைய வாடகைக்காரர்கள் மாதிரி. சுவரையும் இடிக்க மாட்டார்கள், காலியும் பண்ண மாட்டார்கள். அது மட்டுமா, அந்த அணுவையே வண்டியாக்கி உடம்பெல்லாம் சுற்றும். காவல்காரன் போகிற இடமெல்லாம் அதுவும்.

அன்றைக்கு இது படம். பத்து மார்க். இன்றைக்கு வயிற்றில் கை வைத்தபடி படிக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டது. ஜும்ஆவுக்கு அவர் போயிருந்தார். மாமி கோலா உருண்டைக்குக் கொத்துக்கறி அரைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வெங்காயம். திரும்பிப் பார்க்காமலே விரலை நீட்டினார். "உப்பு பாரு, புள்ள."

வாய் தானாகத் திறந்தது. நாக்கில் பட்ட பிறகுதான் உறைத்தது. பச்சைக் கறி. துப்பினேன், கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன்.

"ஏன் துப்புத? என் கை அழுக்கா?"

சொன்னேன். வேகாத கறியிலும் அது இருக்கும் என்று. டாக்டர் கேட்டது இதைத்தான் என்று. இது நமக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே வரவில்லை, உப்புப் பார்ப்பதுதானே.

மாமி கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம்: "அப்ப பூனை இல்ல. என் விரலா?"

"தெரியல மாமி. எங்க உம்மாவும் இப்படித்தான் தருவாங்க."

உருண்டை யாருக்கும் இறங்கவில்லை. ஜும்ஆ முடிந்து வந்த அவருக்கு மட்டும் இறங்கியது.

ஜூலை 12, சனி

பட்டறையில் எலி. ஆபீஸ் பை ஆர்டருக்கு ஒட்டி வைத்த வார்கள் எல்லாம் கடித்துக் குதறி. பசை வாசனைக்கு வந்திருக்கிறது. அவர் தலையில் கை. பூனை எங்கே என்று கேட்காமல் இருக்கத்தான் எவ்வளவு பாடு.

ஹனா: "உம்மா, சீனி என்ன தப்பு பண்ணுச்சு?"

மாமி தஸ்பீஹ் மணியும் கையுமாக ஜன்னலோரம். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. மாமிக்கு ஆறுதல் நான் சொல்ல வேண்டுமாம், எனக்கு யார் சொல்வது? கோபம் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. தூக்கம் மட்டும் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ரிப்போர்ட். நான், அவர், மாமி, மூவரும்.

பழையது. நம் உடம்பு செய்த எதிர்ப்புப் பொருள் நாளாக நாளாக ஒட்டுண்ணியை இறுகப் பிடிக்குமாம். என்னுடையது நன்றாக இறுகிய பிடி. கரு தங்கும் முன்பே வந்தது. குழந்தைக்குப் பயமில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். இரண்டாம் தடவையும் டாக்டர் அதையே சொன்னார்.

"உடம்பை விட்டுப் போயிடுமா?" போகாது. உள்ளேயே சுருண்டு கிடக்கும், பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல். இனிமேல் பச்சைக் கறி நாக்கில் படக் கூடாது.

மாமி விடவில்லை. "எவ்வளவு பழசு டாக்டர்? நான் கொடுத்ததா, இவ உம்மா கொடுத்ததா?" டாக்டர் சிரித்துவிட்டார். அதை எந்த டெஸ்டும் சொல்லாதாம்.

அவர் அங்கிருந்தே நெருளுக்கு. சாயங்காலம் பையோடு வந்தார். சீனி இறங்கி ஹனாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நேராகப் பட்டறைக்குப் போய்விட்டது.

மாமி மறுபடி கோலா பிசைந்தார். ஒன்றே ஒன்று உருட்டி, முதலில் எண்ணெயில் போட்டு, கருகுகிற வரை விட்டு எடுத்தார். ஊதினார். பிட்டுப் பார்த்தார், உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று. மறுபடி ஊதி என் வாயருகே நீட்டினார். "இப்பப் பாரு."

உப்பே இல்லை. போடவே மறந்திருக்கிறார்.

"சரியா இருக்கு, மாமி."